வாப்பும்மா கேட்ட கணக்கு

சென்ற மாதம் ஒரு பின்னேரம். பதுளையில் மழை இடி முழக்கத்தோடு கொட்டிக் கொண்டிருந்தது. அஸர் தொழுது விட்டு முஸல்லாவை மடிக்கும் போது என் பேத்தி கணிதக் கொப்பியைத் தூக்கிக் கொண்டு வந்தாள். ஏழாம் தரத்தில் படிக்கிறாள்.

"உம்மும்மா, டீச்சர் இதுக்குப் பிழை போட்டிருக்கிறா. எனக்கு விளங்கவே இல்ல."

கொப்பியைப் பார்த்தேன். எட்டில் ஒன்றையும் ஆறில் ஒன்றையும் கூட்டி, முழுமையிலிருந்து கழிக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் மேலேயுள்ள ஒன்றோடு ஒன்றைக் கூட்டி 2 என்றும், கீழேயுள்ள எட்டோடு ஆறைக் கூட்டி 14 என்றும் எழுதியிருந்தாள். 2/14 என்பதைச் சுருக்கி 1/7 ஆக்கி, மிச்சம் 6/7 என்று அழகான கையெழுத்தில் முடித்திருந்தாள்.

என் கை கொப்பியிலேயே நின்று விட்டது. இதே கணக்கை, இதே இரண்டு பின்னங்களை, இதே பிழையோடு நான் முன்பொரு நாள் பார்த்திருக்கிறேன். 1987 ஆம் ஆண்டு, எங்கள் வாப்பா வபாத்தாகி ஒரு மாதம் கழிந்த நேரம் அது. அன்று பிழை விட்டது சிறு பிள்ளை அல்ல. பிழை என்று தெரிந்தும் வாய் மூடியிருந்தது நான்.

இதுவரை என் பிள்ளைகளிடம் கூடச் சொல்லாத சங்கதி இது. என்னைப் போன்ற சகோதரிகளுக்குப் பிரயோசனப்படும் என்ற எண்ணத்தில் இப்போது எழுதுகிறேன்.

வாப்பாவுக்குப் பசறை வீதியில் ஒரு சில்லறைக் கடை இருந்தது. மாதக் கடைசியில் தோட்டத்துச் சனம் வந்து சாமான் வாங்கும். கருவாடு, செத்தல் மிளகாய், சீனி, மண்ணெண்ணெய், பிள்ளைகளுக்குச் சட்டைத் துணி என்று எல்லாம் கடன் கொப்பியில் ஏறும். சம்பளம் போட்டதும் வந்து தீர்ப்பார்கள். வாப்பாவுக்கு முந்தி அந்தக் கடையை நடத்தியவர் அப்பா. அப்பாவுக்குச் சுகமில்லாத காலத்தில் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து சாமான் நிறுத்துக் கொடுத்தவர் எங்கள் வாப்பும்மா. அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் அரை இறாத்தல், கால் இறாத்தல், அரைக்கால் இறாத்தல் என்று விலை சொல்லிக் கொண்டே நிறுப்பார். ஒரு சதம் கூடாது, ஒரு சதம் குறையாது.

வாப்பா விட்டுப் போனவர்கள் எட்டுப் பேர். வாப்பும்மா, உம்மா, இரண்டு நானாமார், ராத்தா, நான், தங்கை. எண்ணிப் பார்த்தால் ஏழு பேர் தானே என்பீர்கள். எட்டாவதாக அந்தக் கடன் கொப்பியும் இருந்தது என்று உம்மா சொல்வார்!

வாப்பாவின் ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் இருந்தார். பெரிய வாப்பா என்று தான் கூப்பிடுவோம். நல்ல மனுஷன். ஜனாஸா வேலை தொடங்கி எல்லாவற்றையும் தலையில் போட்டுச் செய்தவர் அவர் தான். சொத்தில் அவருக்குப் பங்கேதும் கிடையாது. ஆண் பிள்ளைகள் இருக்கும் போது சகோதரருக்கு வராது, ஒன்றுவிட்டவருக்கு எங்கே வரும்? ஆகவே தன் பக்கம் இழுக்க அவருக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எல்லோரும் வீட்டில் கூடினார்கள். உம்மா இத்தாவில் இருந்ததால் அறைக்குள்ளே. நாங்கள் பெண்கள் எல்லோரும் அறை வாசலில் திரைக்குப் பின்னால். வாப்பும்மாவை மட்டும் மண்டபத்தில் கதிரை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். மௌலவி ஒருவர் வந்து பங்குகளைச் சொன்னார். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. தாய்க்கு ஆறில் ஒன்று. மிச்சம் பிள்ளைகளுக்கு, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதத்தில். அதற்கு முந்தி அடக்கச் செலவு, கடன், உம்மாவுக்குக் கொடுபடாமல் இருந்த மஹர் எல்லாம் கழிபட வேண்டும் என்றும் சொன்னார். துஆ ஓதி விட்டு வேறொரு வீட்டு விசயமாகப் போய் விட்டார்.

கடை, வீடு, சரக்கு, வரவேண்டிய கடன் எல்லாம் சேர்த்து 360,000 ரூபாய் மதிப்புப் போட்டிருந்தார்கள். செலவு, கடன், மஹர் என்று 24,000 கழிந்தது. மிச்சம் 336,000.

பெரிய வாப்பா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். பெரிய கடை வைத்திருந்தவர், கணக்கில் கெட்டிக்காரர் என்று ஊரில் பெயர். எட்டில் ஒன்று, ஆறில் ஒன்று என்று முணுமுணுத்துக் கொண்டே எழுதினார். "ரெண்டும் சேர்ந்தா பதினாலில் ரெண்டு. அதாவது ஏழில் ஒன்று. 336,000 த்தில் ஏழில் ஒன்று 48,000. மாமியும் மருமகளும் ஒரே அடுப்பு தானே, தங்களுக்குள்ள பாதி பாதியாக வெச்சுக் கொள்ளட்டும். மிச்சம் 288,000 பிள்ளைகளுக்கு" என்றார்.

ஆண்கள் தலையாட்டினார்கள்.

நான் அப்போது உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். பத்தொன்பது வயது. படித்தது கணிதம். பதினாலில் இரண்டு என்று அவர் சொன்னதுமே எனக்குத் தெரிந்து விட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் அடி விழும் பிழை அது. திரையை விலக்கி, "பெரிய வாப்பா, பிழை" என்று சொல்ல ஒரு வினாடி போதும்.

சொல்லவில்லை.

பெரியவர்கள் பேசும் சபையில் குமர்ப் பிள்ளை பேசுவதா என்று மனசு ஒரு காரணம் சொன்னது. அது பொய்க் காரணம். உண்மைக் காரணத்தை இன்று எழுதுகிறேன். 288,000 ஐ ஏழு பங்காக்கினால் பெண்பிள்ளை ஒருத்திக்கு 41,142 ரூபாய் வரும். சரியான கணக்குப் போட்டால் 34,000 தான். அதை மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்து விட்டேன். ஏழாயிரத்துச் சொச்சம் வித்தியாசம். அந்த நாட்களில் எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக் கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கைக்கூலியாகக் கேட்ட தொகை எங்களுக்கு எட்டாமல் இருந்தது. ஏழாயிரம் அதற்கு ஒரு கை கொடுக்கும். இப்படித்தான் ஓடியது என் புத்தி. உள்ளே இருப்பது என்னைப் பெற்ற உம்மா, வெளியே இருப்பது வாப்பாவைப் பெற்றவர். அவர்கள் இருவரின் பங்கில் தான் அந்த ஏழாயிரம் வருகிறது என்பதை நினைக்காமல் இல்லை. நினைத்தும் பேசாமல் இருந்தேன்.

பெரிய வாப்பா கடதாசியில் பெயர்களை எழுதத் தொடங்கினார். அப்போது தான் வாப்பும்மா மெதுவாகக் கேட்டார்.

"மகன், எனக்கொரு விசயம் விளங்குதில்ல. கேட்டாக் கோவிக்க மாட்டீங்களே?"

"கேளுங்க சாச்சி."

"ஆறு பேர் குந்துற சஹன்ல ஒருவருக்கு வாற சோறு கூடவா, ஏழு பேர் குந்தினா வாற சோறு கூடவா?"

பெரிய வாப்பா சிரித்தார். "இதென்ன சாச்சி, ஆறு பேர் சஹன்ல தான் கூட."

"அப்ப எனக்குத் தனியே ஆறில் ஒன்று எண்டு ஹஸ்ரத் செல்லிட்டுப் போனார். இப்ப நானும் என் மருமகளும் சேர்ந்து ஏழில் ஒன்று எண்டு நீங்க செல்றீங்க. ரெண்டு பேர் சேர்ந்ததும் பங்கு எப்படி மகன் குறைஞ்சு போச்சு?"

மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. வெளியே வீதியில் பசறை பஸ் போன சத்தம் மட்டும் கேட்டது.

பெரிய வாப்பா கடதாசியைப் பார்த்தார். மீண்டும் பார்த்தார். காதுமடல் சிவந்து விட்டது. "எங்கேயோ பிழைச்சிருக்கு" என்றார்.

வாப்பும்மா திரைப் பக்கம் திரும்பினார். "கணக்குப் படிச்ச புள்ள உள்ளுக்குத் தானே ஈக்குது. அவவிட்டக் கேளுங்க."

கடதாசியும் பென்சிலும் திரைக்குள்ளே வந்தன. என் கை நடுங்கியது. கணக்கு கஷ்டம் என்று நடுங்கவில்லை.

அன்று நான் எழுதியதைத் தான் சென்ற மாதம் என் பேத்திக்கும் சொல்லிக் கொடுத்தேன். உங்களுக்கும் சொல்கிறேன். அடுப்படியில் இருந்தபடியே செய்து பார்க்கக் கூடிய கணக்கு இது.

பின்னத்தில் கீழே இருக்கும் எண்ணைப் பகுதி என்றும் மேலே இருப்பதைத் தொகுதி என்றும் பாடப் புத்தகம் சொல்லும். கீழே இருப்பது துண்டின் அளவைச் சொல்கிறது. மேலே இருப்பது அப்படி எத்தனை துண்டு என்று சொல்கிறது. எட்டில் ஒன்று என்றால், முழுசை எட்டாக வெட்டினால் வரும் துண்டில் ஒன்று. ஆறில் ஒன்று என்பது வேறு அளவுத் துண்டு. அளவு வேறான இரண்டு துண்டை ஒரே பெயரில் எண்ண முடியாது. சவூதியிலிருந்து மகள் நூறு ரியால் அனுப்புகிறாள், கையில் ஐந்நூறு ரூபாய் இருக்கிறது. இரண்டையும் கூட்டி அறுநூறு என்று சொல்வோமா? ரியாலை ரூபாயாக்கி விட்டுத்தானே கூட்டுவோம், கழிப்போம். பின்னத்திலும் அப்படியே. முதலில் இரண்டையும் ஒரே நாணயமாக மாற்ற வேண்டும்.

எந்த நாணயமாக மாற்றுவது? ஒரு தட்டுத் தொதலை நினைத்துக் கொள்ளுங்கள். எட்டுப் பேருக்கும் சரியாகப் பங்கு வர வேண்டும், ஆறு பேருக்கும் சரியாக வர வேண்டும். எத்தனை துண்டாக வெட்டுவது? எட்டின் மடங்குகள் 8, 16, 24. ஆறின் மடங்குகள் 6, 12, 18, 24. இரண்டு வரிசையிலும் முதலில் சந்திப்பது 24. இதைத்தான் பொது மடங்குகளுட் சிறியது, சுருக்கமாகப் பொ.ம.சி. என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். 48 துண்டாக வெட்டினாலும் விடை சரி தான், வேலை தான் கூட.

தட்டை நீளப் பக்கம் ஆறு வரிசை, அகலப் பக்கம் நாலு வரிசை என்று வெட்டினால் 24 துண்டு. அதில் எட்டில் ஒன்று என்பது 3 துண்டு. ஆறில் ஒன்று என்பது 4 துண்டு. இப்போது எல்லாத் துண்டும் ஒரே அளவு. தாராளமாகக் கழிக்கலாம். 24 இலிருந்து 3 போனால் 21. அதிலிருந்து 4 போனால் 17. ஆக 1 இலிருந்து 1/8 ஐயும் 1/6 ஐயும் கழித்தால் மிச்சம் 17/24.

சரியா என்று பார்க்க வேண்டுமானால் திருப்பிக் கூட்டுங்கள். 17, 3, 4 மூன்றும் சேர்ந்தால் 24. தட்டு நிறைந்து விட்டது. யாருடைய துண்டும் காணாமல் போகவில்லை.

இந்த 17 துண்டையும் பிள்ளைகளுக்குப் பிரிக்க வேண்டும். இரண்டு ஆணுக்கு இரண்டிரண்டாக நாலு பங்கு, மூன்று பெண்ணுக்கு மூன்று பங்கு, மொத்தம் ஏழு. 17 ஏழால் சரியாகப் பிரிபடாது. ஆகவே 24 துண்டையும் இன்னும் சின்னதாக, ஒவ்வொன்றையும் ஏழாக வெட்ட வேண்டும். 24 ஐ ஏழால் பெருக்கினால் 168. அதில் உம்மாவுக்கு 21, வாப்பும்மாவுக்கு 28, நானாமாருக்குத் தலைக்கு 34, எங்கள் மூவருக்கும் தலைக்கு 17. எல்லாம் கூட்டினால் 168.

336,000 ஐ 168 ஆல் பிரித்தால் ஒரு துண்டு 2,000 ரூபாய். உம்மாவுக்கு 42,000. வாப்பும்மாவுக்கு 56,000. நானாமாருக்கு 68,000 வீதம். எங்களுக்கு 34,000 வீதம். முதல் கணக்குப்படி உம்மாவுக்கும் வாப்பும்மாவுக்கும் சேர்த்தே 48,000 தான். சரியான கணக்கில் 98,000. ஐம்பதினாயிரம் ரூபாய், கீழே இருக்கும் எண்களைக் கூட்டிய ஒரு பிழையில் இரண்டு விதவைகளின் கையிலிருந்து போகப் பார்த்தது.

கடதாசி வெளியே போனது. பெரிய வாப்பா ஒவ்வொரு வரியாக வாசித்தார். பிறகு எழுந்து வாப்பும்மாவின் கதிரைக்கருகில் போய், "நான் பிழை விட்டுட்டேன் சாச்சி. மாப் பண்ணிக் கொள்ளுங்க" என்றார். தான் எழுதிய கடதாசியை எல்லோர் முன்னிலையிலும் கிழித்தார். ஊரில் மதிப்புள்ள ஒரு மனுஷன் அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்வதென்றால் லேசா? அவரிடம் எனக்கு அன்று வந்த மரியாதை இன்னும் போகவில்லை. அவர் தெரியாமல் விட்ட பிழையை ஒப்புக் கொண்டார். தெரிந்து விட்ட நான் திரைக்குப் பின்னால் நல்ல பிள்ளையாக இருந்தேன்.

அன்றிரவு வாப்பும்மாவுக்கு வெற்றிலை இடித்துக் கொடுத்துக் கொண்டிருந்தேன். விளக்கைப் பார்த்தபடியே கேட்டார்.

"நீ முந்தியே கண்டுட்டாய் தானே, புள்ள?"

உலக்கை கையில் நின்று விட்டது. நான் ஒன்றும் பேசவில்லை. அவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"கண்டவ செல்லாட்டிக் கணக்குப் படிச்சு என்ன பிரயோசனம்?"

அவ்வளவு தான். ஏசவில்லை. உம்மாவிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வபாத்தாகும் வரை ஒரு நாள் கூட அதைப் பற்றிப் பேசவுமில்லை. அவர் அடித்திருந்தால் நான் மறந்திருப்பேன்.

பேசிய சம்பந்தம் பணத்தில் முறிந்தது. இரண்டு வருடம் கழித்து, கைக்கூலி கேட்காத ஒரு வீட்டிலிருந்து வந்தார்கள். பிறகு எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. நமுனுகுல மலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலை. பதுளையிலிருந்து பஸ்ஸேறி, இறங்கி, தேயிலை மலைக்கு நடுவே நடக்க வேண்டும். காலையில் பனிமூட்டத்துக்குள் கொழுந்தெடுக்கும் பெண்களின் தலை மட்டும் தெரியும். அவர்களின் பிள்ளைகள் தான் என் மாணவர்கள். எல்லோரும் இந்தியாவிலிருந்து தேயிலைக்கும் கோப்பிக்கும் வந்தவர்களின் வாரிசுகள். என்னை "டீச்சரம்மா" என்று கூப்பிடுவார்கள்.

அங்கேயும் இதே பிழை தான். முக்காலிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழி என்றால், மூன்றிலிருந்து ஒன்று போக இரண்டு, நாலிலிருந்து மூன்று போக ஒன்று, விடை இரண்டு என்று எழுதுவார்கள். ஒரு நாள் கேட்டேன்.

"முக்கால் ரொட்டி இருந்துச்சு. அதிலிருந்து கொஞ்சம் தம்பிக்குக் கொடுத்தீங்க. மிச்சம் ரெண்டு முழு ரொட்டியா?"

பின் வாங்கிலிருந்த ஒரு பெண் பிள்ளை சொன்னது: "மிஞ்சினா நல்லது தானே டீச்சரம்மா. எங்க வீட்டுல அஞ்சு பேரு."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தேன். அன்றே எல்லோரையும் ரொட்டிப் படம் வரையச் சொல்லி, பன்னிரண்டு துண்டாக வெட்ட வைத்தேன். முக்கால் என்பது 9 துண்டு. மூன்றில் ஒன்று 4 துண்டு. மிச்சம் 5 துண்டு, அதாவது 5/12. இரண்டு ரொட்டி அல்ல, அரை ரொட்டிக்கும் கொஞ்சம் குறைவு என்று அந்தப் பிள்ளையே எழுந்து சொன்னது.

அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னம் புதிதல்ல. தாய்மார் எடுக்க வேண்டிய கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர் தான் விழும். முழுச் சம்பளமில்லை. கூடையின் நிறை, ஈரம் என்று தராசடியில் கழிபடுவதையும் பார்த்து வளர்ந்தவர்கள். "உங்க அம்மாவின் கணக்கை நீங்க போட்டுப் பாருங்க" என்று அடிக்கடி சொல்வேன். சொல்லும் போதெல்லாம் வாப்பும்மா என் முன்னால் கதிரையில் இருப்பது போல இருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தேன். எந்தக் கணக்கையும் "விடை நியாயமா?" என்று கேட்காமல் நான் முடித்ததில்லை. அது பயிற்சிக் கலாசாலையில் படித்ததல்ல, அந்தச் சஹன் கேள்வியில் படித்தது.

அன்புச் சகோதரிகளே, நமக்கு இந்தக் கணக்கு பரீட்சையோடு முடிவதில்லை. சூரத்துன் நிஸாவில் வாரிசுகளுக்குக் குறிப்பிட்டுச் சொல்லப்பட்ட பங்குகள் ஆறு. அரை, கால், அரைக்கால். மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. ஆறையும் 24 துண்டுத் தட்டில் வெட்டிப் பாருங்கள். 12, 6, 3, 16, 8, 4. ஒன்று கூட உடையாமல் வரும். ஆகவே தான் பங்கு பிரிக்கும் ஆலிம்கள் 24 என்ற எண்ணை அடிக்கடி எடுக்கிறார்கள்.

இந்தப் பங்கு பிரிக்கும் தேவை கணிதத்தையே வளர்த்திருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி என்ற அறிஞர் எழுதிய நூலின் பெயரிலுள்ள அல் ஜப்ர் என்ற சொல்லிலிருந்து தான், நம் பிள்ளைகள் படிக்கும் அட்சர கணிதத்துக்கு ஆங்கிலத்தில் அல்ஜீப்ரா என்று பெயர் வந்தது. அந்த நூலின் பெரும் பகுதியொன்று வாரிசுரிமைக் கணக்குகளே.

சில வேளை பங்குகள் கூடி முழுசைத் தாண்டியும் போகும். மனைவி, இரண்டு பெண்மக்கள், தாய், தகப்பன் என்று ஒருவர் விட்டுப் போனால், 24 இல் 3, 16, 4, 4 என்று மொத்தம் 27 வந்து விடும். தட்டில் 24 துண்டு தானே இருக்கிறது? ஹஸ்ரத் அலி (ரலி) அவர்கள் மிம்பரில் நிற்கும் போது இதை ஒருவர் கேட்டதாகவும், மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகி விட்டது என்று அங்கேயே பதில் சொன்னதாகவும் சொல்லப்படுகிறது. தட்டை 24 க்குப் பதிலாக 27 ஆக வெட்டுவது. 27 இல் 3 என்பது ஒன்பதில் ஒன்று தானே. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறையும், ஒருவர் தலையில் மட்டும் விழாது. இதனாலேயே அந்தக் கணக்குக்கு மிம்பரிய்யா என்று பெயர்.

நம் நாட்டில் 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மரண சாசனம் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்து அவர் சார்ந்த மத்ஹபின்படி பிரிபட வேண்டும் என்கிறது. ஆகவே இது பள்ளிவாசல் பேச்சோடு நிற்பதல்ல, நீதிமன்றமும் பார்க்கும் விசயம். பங்கு எது என்பதை ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் அந்தப் பங்கு எத்தனை ரூபாய் என்பதை நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். கையெழுத்து வைக்கும் முன் போட்டுப் பாருங்கள். "எனக்குக் கணக்கு வராது, நானா பார்த்துக் கொள்வார்" என்று சொல்லி எத்தனை பெண்கள் கையெழுத்து வைத்திருக்கிறோம்! நானா நல்லவராகவே இருக்கலாம். எங்கள் பெரிய வாப்பாவும் நல்லவர் தான்.

வீட்டில் பழகிப் பார்க்க ஒரு கணக்குத் தருகிறேன். ஒரு பெண் வபாத்தாகிறாள். கணவர், தாய், ஒரே மகன் இருக்கிறார்கள். கணவருக்குக் கால், தாய்க்கு ஆறில் ஒன்று, மிச்சம் மகனுக்கு. நாலுக்கும் ஆறுக்கும் பொதுவான தட்டு 12. கணவருக்கு 3, தாய்க்கு 2, மகனுக்கு 7. அதாவது 7/12. கீழே உள்ள எண்களைக் கூட்டினால் பத்தில் இரண்டு, அதாவது ஐந்தில் ஒன்று என்று வரும். கணவருக்குத் தனியே காலென்றால் இருவருக்கும் சேர்த்து ஐந்தில் ஒன்று எப்படி வரும்? வாப்பும்மாவின் கேள்வியை இங்கேயும் கேட்டுப் பாருங்கள், பிழை தானாக வெளியே வரும்.

பேத்தியிடம் திரும்பி வருகிறேன். தொதல் தட்டுப் படம் கீறி, 24 துண்டு போட்டு, தானே 17/24 என்று எழுதினாள். முகமெல்லாம் சந்தோஷம். ஏன் உம்மும்மா கொப்பியைப் பார்த்ததும் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஏழாயிரம் ரூபாயையும் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்து விட்டு, "உங்கட வாப்பும்மா கேட்டிருக்காட்டி, நீங்க சொல்லியே இருக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பொய் சொல்ல முடியவில்லை. "தெரியாது மகள்" என்றேன். "சொல்லியிருப்பேன் என்று தான் இத்தனை வருசமா நினைக்கப் பார்க்கிறேன்."

மழை விட்டிருந்தது. அவள் கொப்பியை மூடிக் கொண்டு, "நான் கண்டா சொல்லிருவேன் உம்மும்மா" என்று சொல்லி விட்டு விளையாடப் போனாள்.

வல்ல நாயன் அவளை அப்படியே ஆக்கி வைப்பானாக. வாப்பும்மாவின் கப்றை விசாலமாக்குவானாக. கண்டும் சொல்லாமல் இருந்த என் பிழையையும் மன்னிப்பானாக. ஆமீன்.